பிய்ந்தது யாருடைய கோப்பைக்கு?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு சிக்கன் நகட்ஸ் வேண்டும். கடையில் பெட்டி வாங்கிக் கட்டுப்படியாகாமல் நானே செய்யத் தொடங்கினேன். மா பூசிப் பொரித்தால் தாச்சிக்குள்ளேயே ஓடு கழன்றுவிடுகிறது. சில கருகிவிடுகின்றன, வெட்டிப் பார்த்தால் உள்ளே வேகவில்லை. சரியாக வந்தவையும் மேசைக்கு வருமுன் நமத்துவிடுகின்றன. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. "கடையில வாங்கினது மாதிரி இல்ல" என்று கோப்பையைத் தள்ளுகிறார்கள். நல்லவேளை, பின்வளவில் அம்மா இருக்கிறார். பிய்ந்ததையும் கருகியதையும் சோற்றோடு அவருக்குக் கொடுத்துவிடுவதால் வீணாவதில்லை. பல் இல்லாவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். நகட்ஸ் மொறுமொறுவென்று வர என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், தாச்சியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த "நல்லவேளை". பிள்ளைகள் தள்ளிய கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போவதை ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள். வாசலில் ஒரு நாய் நின்றிருந்தாலும் இதே சொல்லைத்தான் போட்டிருப்பீர்கள். இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இதே கதை வேறு வேறு சாப்பாட்டின் பெயரில் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருமுறை கேக், ஒருமுறை புரியாணி. எப்படியும் கடைசி வரிக்குள் ஒரு வயதான பெண் இருப்பார், ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.

நீங்கள் எழுதியதையே திரும்ப வாசியுங்கள். கருகியதை வெட்டிப் பார்த்தால் உள்ளே வேகவில்லை என்கிறீர்கள். கருகியதை அம்மாவுக்குக் கொடுக்கிறேன் என்கிறீர்கள். அப்படியென்றால் வேகாத கோழி யாருடைய வயிற்றுக்குள் போகிறது? பச்சைக் கோழியில் சல்மனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். துண்டின் நடுவில் 74 பாகை செல்சியஸ் சூடு ஏறினால்தான் பயமில்லாமல் சாப்பிடலாம். உங்கள் வயதில் இரண்டு நாள் வயிற்றோட்டத்தோடு போகிற விஷயம், அம்மாவின் வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அடுத்தது கருகின ஓடு. பல் இருக்கிறவருக்கே அது கல். முரசால் மெல்லுகிறவர் அதை என்ன செய்வார்?

என் அம்மம்மா செய்ததைச் சொல்கிறேன். சித்திரை வருசத்துக்குச் சுட்ட முறுக்கில் உடைந்ததையும் கறுத்ததையும் பிள்ளைகள் நாங்கள் அவரிடம் கொண்டுபோவோம். அவர் வெற்றிலைத் தட்டத்தை இழுத்து, பாக்குரலைச் சீலைத் தலைப்பால் துடைத்து, முறுக்குத் துண்டை உள்ளே போட்டு டொக் டொக்கென்று இடிப்பார். தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டு, ஒரு மிடறு தேத்தண்ணீர் குடிப்பார். அந்தத் தூளில் சுண்ணாம்பு மணக்கும். நாங்கள் சுற்றி நின்று சிரிப்போம், எங்கள் அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கென்று இளக்கமாக இரண்டு பலகாரம் செய்து வைக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது எனக்குக் கடைவாயில் மூன்று பல் இல்லை. அந்தச் சிரிப்பு இப்போதுதான் குத்துகிறது.

அப்புறம், "பின்வளவில்" என்கிறீர்களே. நம்ம பக்கத்தில் ஒரு தாய் பின்வளவுக்கு எப்படிப் போகிறார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகளுக்குக் கல்யாணம் பேசினால் வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து முன்வீட்டில் குடியேறுவார். பெற்றவர்கள் பின்னுக்கு ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். உங்கள் வீட்டுக் கதை வேறு என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் பிழைவிடவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் நகட்ஸ் பொரிக்கிற குசினியில் முதல் அடுப்பு மூட்டியது உங்கள் அம்மா. அங்கே நல்லது பிள்ளைகளுக்கு, பிய்ந்தது அம்மாவுக்கு என்றால் எனக்குப் பொறுக்காது. என்னைப் பழைய ஆள் என்று சொல்லுங்கள், கவலையில்லை. முதல் கோப்பை தாய்க்குத்தான்.

"அவதானே கேட்டு வாங்கித் தின்னுறா" என்று சொல்லத்தான் போகிறீர்கள். வாங்குவார். அடிப்பிடித்த சோற்றையும் மீன் வாலையும் தான் வைத்துக்கொண்டு நடுத்துண்டை உங்களுக்குப் போட்டு வளர்த்தவர் வேறென்ன கேட்பார்? அவர் கேட்டால் நீங்கள் கொடுக்கத்தான் வேண்டுமா?

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் வேறு. நகட்ஸ் என்பது பல் இல்லாதவருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரியான சாப்பாடு. எலும்பு இல்லை, நார் இல்லை, அரைத்த இறைச்சி. 1960களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் பேக்கர் என்ற பேராசிரியர் இதற்கு வழி கண்டுபிடித்தபோது அவருக்கு இருந்ததும் உங்கள் தலைவலிதான்: அரைத்த இறைச்சி தோல் இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும், மேலே பூசியது எண்ணெயில் கழன்று போகக் கூடாது. செய்முறைக்குக் காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். பெரிய கடைக்காரர்கள் இதை விற்றுப் பெயர் எடுத்தது 1980களில்தான்.

சரி, இப்போது தாச்சிக்கு வருவோம்.

அரைக் கிலோ எலும்பில்லாத கோழி எடுங்கள். நெஞ்சு இறைச்சி மட்டும் என்றால் வறண்டு போகும், மூன்றில் ஒரு பங்கு தொடை இறைச்சி சேருங்கள். ஈரத்தை முழுக்க ஒற்றி எடுத்து, பிரிட்ஜின் குளிர் விடுமுன் அரையுங்கள். மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், தட்டிய உள்ளி இரண்டு பல், ஒரு தேக்கரண்டி வினாகிரி. வெங்காயம் வேண்டாம், தண்ணீர் விடும். இனி ஐந்து நிமிடம் கையால் பிசைய வேண்டும். பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது இங்கேதான். உப்பு பட்டுப் பிசையப் பிசைய இறைச்சியின் புரதம் வெளியே வந்து பசையாகும். ஓர் உருண்டையை உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் போதும். அரை அங்குலத் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டி, தட்டில் பரப்பி, அரை மணி நேரம் பிரீசரில் வையுங்கள். கல்லாக உறைய விடாதீர்கள், இறுகினால் போதும்.

நீங்கள் "மா பூசி" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். முட்டையும் இல்லை, தூளும் இல்லை. அப்படியென்றால் ஓடு கழராமல் என்ன செய்யும்? மூன்று கோப்பை வேண்டும். ஒன்றில் கோதுமை மாவோடு இரண்டு கரண்டி சோளமா, அடுத்ததில் அடித்த முட்டை, மூன்றாவதில் றஸ்க் தூள். இறைச்சியின் ஈரத்தை மா பிடிக்கும், மாவை முட்டை பிடிக்கும், முட்டையைத் தூள் பிடிக்கும். முந்தின நாள் பாணை உதிர்த்து வெயிலில் காயவைத்தால் பக்கெட் தூளை விட நன்றாக மொறுமொறுக்கும். அழுத்திப் பூசி, கால் மணி நேரம் ஆற விட்டுப் பொரியுங்கள்.

எண்ணெய் 170 முதல் 175 பாகைக்குள் நிற்க வேண்டும். சூடு பார்க்கும் கருவி எத்தனை வீட்டில் இருக்கிறது? ஒரு சிட்டிகை றஸ்க் தூளைப் போடுங்கள். உடனே நுரைத்து மேலே வந்து மெல்லப் பொன்னிறமானால் சரி. போட்டவுடன் கறுத்தால் அடுப்பைக் குறையுங்கள், உங்கள் வீட்டில் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்பதற்குக் காரணம் அந்தச் சூடுதான். ஐந்தாறு துண்டுக்கு மேல் போடாதீர்கள், எண்ணெய் குளிர்ந்து ஓடு எண்ணெயைக் குடித்துவிடும். போட்டதும் கரண்டியால் நோண்டவும் வேண்டாம், ஒரு நிமிடம் ஓடு இறுகட்டும். மொத்தம் நாலு நிமிடம் அளவில் வெந்துவிடும். தடித்த ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் விட வேண்டும்.

நமத்துப் போகிறது என்றால், பொரித்ததை மூடியுள்ள பாத்திரத்தில் போடுகிறீர்கள், பந்தயம் கட்டுகிறேன். சுடுகிறதை மூடினால் அதன் ஆவியே அதை நனைக்கும். கம்பித் தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். மாரிக்காலத்து ஈரக் காற்றில் எப்படியும் அதிக நேரம் நிற்காது. சாப்பிட இருக்கும்போது இன்னொரு நிமிடம் எண்ணெயில் போட்டு எடுத்தால் மீண்டும் மொறுமொறுக்கும்.

அம்மாவுக்கு? பிசைந்த அதே இறைச்சியில் ஆறு உருண்டையை ஒன்றும் பூசாமல் எடுத்து வைத்து, உள்ளே வேகும்வரை சொதியில் மெல்லக் கொதிக்க விடுங்கள். பஞ்சு மாதிரி இருக்கும். இல்லை, அவருக்கும் பொரித்ததுதான் ஆசையோ என்னவோ. நன்றாகப் பொரித்த ஒன்றின் மேல் சூடான சொதியை ஊற்றினால் ஓடு ஊறிவிடும், முரசுக்கு நோகாது. எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். இதுவரை ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

மகனுக்கு 12 வயதென்றால் தூள் பூசக் கை இருக்கிறது. பிடிக்கவில்லை என்று வாயால் சொல்லட்டும், கோப்பையைத் தள்ளுகிற வேலை வேண்டாம். தான் தள்ளுகிற கோப்பை எந்தப் பக்கம் போகிறது என்று அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

வருகிற ஞாயிறு அம்மாவுடைய கோப்பையை முதலில் போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய், அவர் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருங்கள். அன்றைக்கும் இரண்டு மூன்று பிய்யத்தான் செய்யும். வெந்திருந்தால் அதை நீங்கள் சாப்பிடுங்கள். வேகாவிட்டால் குப்பையில் போடுங்கள்.