பக்ஸ் மொடெம் வாங்க முன் போன் இணைப்பைப் பாருங்கள்

திருகோணமலை நகரில் கொமியூனிகேஷன் கடை நடத்தும் வாசகி ஒருவரின் கேள்வி இது: "கடையில் இருந்த பக்ஸ் மெஷின் பழுதாகிவிட்டது, திருத்தப் பார்ட்ஸ் இல்லை. மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருபவர்கள் இன்னும் பக்ஸ் அனுப்பக் கேட்கிறார்கள். என்னிடம் விண்டோஸ் 11 மடிகணினி இருக்கிறது. போன் இணைப்பு பைபருக்கு மாறிவிட்டது. வெளியே பொருத்தும் மொடெம் வாங்கினால் சரிவருமா? எதை வாங்குவது? தம்பியின் பழைய சீரியல் மொடெம் ஒன்றும் வீட்டில் கிடக்கிறது."

சரிவரும். மொடெம் என்பது கணினியைப் போன் இணைப்போடு சேர்த்துப் பக்ஸ் அனுப்ப வைக்கும் சிறு கருவி. ஆனால் மொடெமுக்குக் காசு கொடுக்க முதல் உங்கள் போன் இணைப்பைச் சோதியுங்கள். இந்த விஷயத்தில் பலர் நல்ல மொடெமையே குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிழை பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கிறது.

பக்ஸ் போவது சத்தமாகத்தான். அனுப்பும் பக்கம் 1100 ஹேர்ட்ஸில் விட்டுவிட்டுக் கூவும். எடுக்கும் பக்கம் 2100 ஹேர்ட்ஸில் நீளமாகப் பதில் கூவும். பிறகு இரண்டும் வேகத்தைப் பேசி முடிக்கும். நொடிக்கு 14,400 பிட்டில் தொடங்கிப் பார்க்கும். சத்தம் தெளிவாகப் போய்ச் சேராவிட்டால் 12,000, 9,600, 7,200 என்று 2,400 வரை இறங்கும். செப்புக் கம்பியில் இதற்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. பைபரில், சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டி சத்தத்தைச் சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்புகிறது. நாம் கதைக்கும்போது ஒரு பொட்டலம் தவறினாலும் காதுக்குத் தெரியாது. பக்ஸில் தவறினால் பக்கத்தில் சில வரிகள் போய்விடும், இல்லாவிட்டால் அழைப்பே அறுந்துவிடும்.

ஆகவே இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம், உங்கள் குரல் இணைப்பில் டி.38 இருக்கிறதா, அது இல்லாவிட்டால் சத்தத்தைச் சுருக்காத ஜி.711 ஆவது இருக்கிறதா என்று கேளுங்கள். டி.38 பக்ஸுக்கென்றே வந்த முறை. அதைவிட நம்பகமான சோதனையும் உண்டு: வேலை செய்யும் பக்ஸ் மெஷின் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, அந்தப் பெட்டியின் போன் துளையில் நேரே சொருகி, மூன்று நாலு பக்கங்களை ஒரே அழைப்பில் அனுப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் போவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இணைப்பு மோசமென்றால் இரண்டாம், மூன்றாம் பக்கத்தில்தான் தெரியவரும். சிம் போட்டு வேலை செய்யும் மேசைத் தொலைபேசியை இதற்கு நம்பவே வேண்டாம். அது மனிதக் குரலுக்காகச் சுருக்கும் இணைப்பு. பக்ஸ் சத்தம் அதில் சிதைந்துவிடும்.

இணைப்பு தேறிவிட்டது என்றால், இனி மொடெம். இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வேலையை மொடெமின் சிப் செய்கிறதா, உங்கள் கணினி செய்கிறதா? மலிவான பல யூஎஸ்பி மொடெம்களில் பாதி வேலை கணினியில் ஏற்றும் டிரைவர் மென்பொருளின் தலையில்தான். பழைய விண்டோஸுக்கு எழுதிய 32 பிட் டிரைவர் விண்டோஸ் 11இல் ஏறாது, அந்த மொடெமும் அதோடு முடிந்தது. கன்ட்ரோலர், அதாவது இந்த வேலையைச் செய்யும் சிப், உள்ளேயே இருக்கும் மொடெம் விலை கூடுதல்தான், ஆனால் விண்டோஸ் மாறினாலும் பிழைத்துக்கொள்ளும். யூஎஸ் ரோபோட்டிக்ஸ் 5637 அந்த வகை. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். வேறு எதுவானாலும் பெட்டியில் லினக்ஸிலும் வேலை செய்யும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் பெரும்பாலும் சொந்தச் சிப்பில் ஓடுவதுதான். பெட்டியில் பெரிதாகத் தெரியும் 56கே என்ற எண்ணில் மயங்க வேண்டாம். அது பழைய டயல்-அப் இன்டர்நெட்டின் வேகம், பக்ஸுக்கு 14,400 போதும். அப்புறம், கடையில் வெறுமனே "மொடெம்" என்று கேட்டால் 4ஜி டொங்கிளை எடுத்து நீட்டுவார்கள். போன் வயர் சொருகும் துளை இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

தம்பியின் சீரியல் மொடெமை, அதாவது யூஎஸ்பிக்கு முந்திய சீரியல் துளையில் சொருகும் அந்த மொடெமை, எறிந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து வெளி மொடெம்கள் பெரும்பாலும் முழு வேலையையும் தாங்களே செய்பவை. அதன் சொந்தப் பவர் அடப்டர் இருந்தால், எஃப்டிடிஐ (FTDI) நிறுவனத்தின் சிப் உள்ள நல்ல யூஎஸ்பி-சீரியல் வயர் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். போலிச் சிப் போட்ட மலிவு வயர்களைப் புதிய டிரைவர் ஏற்காமல் விடுவதுண்டு. பொருத்திய பிறகு மொடெமுக்குக் கட்டளை தட்ட உதவும் புட்டி (PuTTY) போன்ற மென்பொருளில் மொடெம் இருக்கும் போர்ட்டைத் திறந்து ஏடி+எஃப்கிளாஸ்=? (AT+FCLASS=?) என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பதிலில் 1 இருந்தால் அது பக்ஸ் மொடெம். வெறும் 0 மட்டும் வந்தால் இந்த வேலைக்கு ஆகாது.

மென்பொருளுக்குத் தனியாகச் செலவில்லை. விண்டோஸ் பக்ஸ் அண்ட் ஸ்கேன் உங்கள் கணினியில் தெரியாவிட்டால் செட்டிங்ஸில் ஒப்ஷனல் பீச்சர்ஸ் பகுதியில் தேடிச் சேர்க்கலாம். டயல் டோன் இல்லை என்று மொடெம் அடம்பிடித்தால் ஏடிஎக்ஸ்3 (ATX3) என்ற கட்டளை கொடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். கோல் வெயிட்டிங் இருந்தால் நிறுத்திவையுங்கள், நடுவில் வரும் அந்தப் பீப் சத்தமே பக்ஸைக் குழப்பப் போதும்.

உங்களிடம் வருவதில் அடையாள அட்டைக் கொப்பிகள் நிறைய இருக்கும். சாதாரணத் தரத்தில் மில்லிமீட்டருக்கு 3.85 வரிதான் போகும், படம் கருந்திட்டாகி இலக்கங்கள் கலங்கிவிடும். 'ஃபைன்' தரத்தில் இது இரண்டு மடங்கு. நேரம் கூட எடுத்தாலும் அட்டைகளை ஃபைனில், ஸ்கேனில் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி அனுப்புங்கள். தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவரை "எண் தெளிவில்லை" என்று அலுவலகம் திரும்ப அலைக்கழிக்கக் கூடாது.

எந்த இடத்தில் மொடெம் வேண்டாம் என்பேன்? பக்ஸ் அனுப்புவதோடு நிறையப் பெறவும் வேண்டுமென்றால். மடிகணினி தூங்கினால் பக்ஸ் வராது. சோதனையில் பைபர் இணைப்பு தடுமாறினாலும் மொடெம் வேண்டாம். பக்ஸ் உள்ள பிரிண்டர் ஒன்று அப்போது நல்லது. பிரதர் மெஷின்கள் பலவற்றில் இன்டர்நெட் வழிப் போனுக்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது; அதைப் போட்டால் வேகம் 9,600க்கு இறங்கும், பிழை திருத்தும் முறையும் நின்றுவிடும். விண்டோஸ் மென்பொருளில் அப்படி இறக்குவது சுலபமில்லை.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி தொடங்கினால் மொடெமின் போன் வயரையும் பைபர் பெட்டியின் பவர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்னல் வராது. கரண்ட் வயர் வழியாக வரும்.