டெக்சஸில் வீட்டுவரி: ஹோம்ஸ்டெட் விலக்கு கேட்டீர்களா?

கேள்வி: 2024 ஜூலையில் டெக்சஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் பில்டரிடம் புது வீடு வாங்கிக் குடியேறினோம். முதல் வருடம் வீட்டுவரி குறைவாகத்தான் வந்தது. இப்போது எஸ்க்ரோவில் (வீட்டுவரி கட்டுவதற்காக வங்கி மாதாமாதம் பிடித்து வைக்கும் கணக்கில்) பணம் போதவில்லை என்று வங்கி மாதத் தவணையை ஏகத்துக்கும் கூட்டிவிட்டது. 'ஹோம்ஸ்டெட் போட்டீர்களா?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். அப்படி எதுவும் நாங்கள் போடவில்லை. இருவரும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறோம். எங்களுக்கு அது உண்டா? எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 68 வயது. அதற்கு ஏதாவது சலுகை கிடைக்குமா?

பதில்: உங்களுக்கு உண்டு. ஹோம்ஸ்டெட் விலக்கு என்பது, நீங்களே குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி போடுவது. விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். மாமியார் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், தவணை ஏன் கூடியது? டெக்சஸில் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருந்ததோ அதை வைத்துத்தான் வரி. 2024 ஜனவரி 1 அன்று உங்கள் வீடு அநேகமாக வெறும் மனையாகவோ, அஸ்திவாரம் மட்டும் போட்டதாகவோ இருந்திருக்கும். அந்த வருட வரி மனைக்கான வரி. வங்கியும் அந்தச் சின்னத் தொகையை நம்பி எஸ்க்ரோ பிடித்திருக்கும். 2025-இல் முழு வீடும் கணக்கில் ஏறியது; பழைய பள்ளத்தை நிரப்பவும், இனிமேல் வரும் வரிக்கும் சேர்த்து இப்போது கேட்கிறார்கள். ஆக, இந்த உயர்வு முழுவதும் ஹோம்ஸ்டெட் போடாததால் வந்ததல்ல. போட்டாலும் முழுதாக இறங்காது. ஆனால் கணிசமாக இறங்கும்.

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்று சந்தோஷப்பட்டு வந்திருப்பீர்கள். அந்தப் பணத்தை வீட்டுவரியாக வாங்கிக்கொள்கிறார்கள், அதிலும் பெரும்பங்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் போகிறது. ஹோம்ஸ்டெட் விலக்கு முக்கியமாக அந்தப் பங்கில்தான் கை வைக்கிறது. 2023 நவம்பரில் வாக்காளர்கள் இந்த விலக்கை 40,000 டாலரிலிருந்து 1,00,000 ஆக்கினார்கள். 2025 நவம்பரில் 1,40,000 ஆக்கினார்கள், அதுவும் 2025-ஆம் ஆண்டு வரிக்கே பொருந்தும்படி. ஸ்கூல் வரி 100 டாலருக்கு 1.05 டாலர் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 1,470 டாலர் மிச்சம். கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), நகராட்சி போன்றவை தாங்களாக விரும்பினால் வீட்டு மதிப்பில் 20 சதவீதம் வரை தனியாக விலக்கு தரலாம். அது ஊருக்கு ஊர் வேறுபடும்.

விசா பற்றிக் கவலை வேண்டாம். டெக்சஸில் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பதில்லை. வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அதுதான் நீங்கள் வசிக்கும் முதன்மை வீடாக இருக்க வேண்டும். (ஃபுளோரிடாவில் இருந்திருந்தால் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே தற்காலிக விசாக்காரர்களுக்குச் சிக்கல் உண்டு. அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகள் அந்த வீட்டில் நிரந்தரமாக வசித்ததால் ஒரு குடும்பத்துக்கு விலக்கு உண்டு என்று 2012-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது.)

பலரும் தடுக்கி விழும் இடம் டிரைவிங் லைசென்ஸ். அதில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் முகவரியே இன்னும் இருந்தால், முதல் வேலை அதை மாற்றுவது. அப்புறம் 50-114 என்ற படிவத்தை உங்கள் கவுன்ட்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது வரிக்காக வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வரி வசூலிக்கும் அலுவலகம் வேறு, இது வேறு. ஃப்ரிஸ்கோ காலின், டென்ட்டன் என்ற இரண்டு கவுன்ட்டிகளில் பரவிக் கிடக்கிறது. உங்கள் தெரு எதில் என்று வரி பில்லைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழக்கமான கெடு ஏப்ரல் 30. அது போனால் போகட்டும். ஒரு வருட வரியின் கடைசி நாள் தாண்டி இரண்டு வருடம் வரை தாமத விண்ணப்பம் ஏற்பார்கள். 2025 வரிக்கான கடைசி நாள் 2026 ஜனவரி 31. எனவே அதற்கு 2028 ஜனவரி வரை நேரம் இருக்கிறது. 2024-க்கு 2027 ஜனவரி வரைதான். 2022 முதல், வருட நடுவில் வீடு வாங்கியவர்களும் அந்த வருடத்தின் மீதி மாதங்களுக்கு விலக்கு கேட்கலாம், முந்தைய உரிமையாளர் அதே விலக்கை வாங்கியிருக்காவிட்டால். பில்டர் வாங்கியிருக்க முடியாது. ஆகவே இரண்டு வருடத்தையும் படிவத்தில் குறிப்பிடுங்கள். ஒப்புக்கொண்டால் பில்லைத் திருத்தி, கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தருவார்கள்.

இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. வீடு வாங்கியதும் அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று தபாலில் வரும்; விலக்கு வாங்கித் தருகிறோம், இத்தனை டாலர் அனுப்புங்கள் என்று கேட்கும். கிழித்துப் போடுங்கள். அதே சமயம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்தே வரும் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது விலக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் வந்திருக்கிறது. பதில் போடாவிட்டால் விலக்கு பறிபோகும்.

என்னைக் கேட்டால் 1,470 டாலரைவிடப் பெரிய லாபம் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. விலக்கு பெற்ற வீட்டின் வரிக்கான மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. விலக்குக்குத் தகுதி பெற்ற முதல் வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1 முதல் இது அமலாகும். மதிப்பு 5,00,000 ஆக இருந்த வீட்டை அடுத்த வருடம் சந்தை 5,80,000 என்று சொன்னாலும் 5,50,000-க்குத்தான் கணக்கு. பழைய வருடத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்: 2025-க்கு விலக்கு கிடைத்தால் 2026-இலேயே இந்த வரம்பு வந்துவிடும்.

மாமியார் விஷயத்தில் ஏமாற்றம்தான். 65 வயதானவர்களுக்கு ஸ்கூல் வரியில் மேலும் 60,000 டாலர் விலக்கும், அந்த வரி, தகுதி பெற்ற வருடத்துத் தொகைக்கு மேல் ஏறாதபடி உச்சவரம்பும் உண்டு. ஆனால் அவர் வீட்டின் உரிமையாளராக இருக்க வேண்டும். கூட வசித்தால் போதாது. இதற்காகவே அவர் பெயரைப் பத்திரத்தில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வீட்டுக்கடன், பரிசு வரி, பின்னாளில் வாரிசுரிமை என்று இழுத்துக்கொண்டு போகும்.

நாளைக்கே வேறு ஊரில் வேலை கிடைத்து வீட்டை வாடகைக்கு விட்டுப் போனால் விலக்கை நீங்களே எழுதி ரத்து செய்துவிடுங்கள். பிறகு கண்டுபிடித்தால் ஐந்து வருட வரியைப் பின்னோக்கிக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதெல்லாம் பிரச்சினை இல்லை.

விலக்கு பதிவானதும் வங்கியைக் கூப்பிட்டு எஸ்க்ரோவை மறுகணக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அடுத்த வருடாந்தரக் கணக்கு வரை இதே தவணையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.