விண்கல் பள்ளம் ஏன் வட்டமாக இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: சேற்றில் கல்லைச் சாய்வாக எறிந்தால் தடம் நீளமாக விழுகிறது. நிலவின் பள்ளங்கள் மட்டும் எப்படி வட்டமாக இருக்கின்றன? எல்லாக் கற்களும் செங்குத்தாகவா விழுந்தன?

பதில்: இல்லை, சாய்வாக விழுவதுதான் வழக்கம். 45 பாகையை ஒட்டிய கோணத்துக்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் எறியும் கல் சேற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. விண்கல் செய்வது வேறு. பூமியை நோக்கி வரும் கல்லின் வேகம் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த வேகத்தில் ஒரு கிலோ கல்லில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்தில் இருப்பதைப்போல் சுமார் 14 மடங்கு. மோதியதும் கிளம்பும் அதிர்ச்சி அலை எல்லாப் பக்கமும் பரவுகிறது. பள்ளத்தைத் தோண்டுவது அந்த அலைதான், கல் இல்லை. கோணம் 15 பாகைக்கும் கீழே இறங்கினால்தான் பள்ளம் நீள ஆரம்பிக்கும். நிலவில் மெஸ்ஸியர் பள்ளம் அப்படிப்பட்டது.

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள விண்கல் பள்ளத்தைத் தோண்டினால் அந்தக் கல் கிடைக்குமா?

பதில்: சுரங்கப் பொறியாளர் டேனியல் பேரிங்கர் அப்படித்தான் நம்பினார். 1903 முதல் பல வருடம் துளையிட்டும் பெரிய இரும்புப் பாளம் அகப்படவில்லை. சுமார் 50 மீட்டர் இரும்புக் கல்தான் 1.2 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தை உண்டாக்கியது. அதில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் சிதறியும் போய்விட்டது.

அங்கே என்னை அதிகம் கவர்வது விளிம்புதான். அந்தப் பகுதியில் இயல்பாக மேலே சிவப்பு மோயன்கோபிப் பாறை, அதன் கீழே கைபாப் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே கோகோனினோ மணற்கல். விளிம்புக்கு மேலே குவிந்திருப்பதில் இந்த வரிசை அப்படியே தலைகீழ்: அடியில் மோயன்கோபி, மேலே கோகோனினோ. பாறை கண்டபடி பறந்து விழவில்லை, அடுக்கு குலையாமல் வெளிப்புறமாக மடிந்து கவிழ்ந்திருக்கிறது! இன்னொன்று, மேலிருந்து பார்த்தால் இந்தப் பள்ளம் கொஞ்சம் சதுரம். பாறையில் முன்பே இருந்த வெடிப்புகள் அலையின் வேலையை அந்தத் திசைகளில் எளிதாக்கிவிட்டன.

கேள்வி: நிலவின் டைக்கோ பள்ளத்தின் நடுவில் மலை எப்படி வந்தது?

பதில்: ஈர்ப்பு விசையால். டைக்கோ சுமார் 85 கிலோமீட்டர் அகலம். அவ்வளவு பெரிய குழி தோண்டப்பட்ட நிலையிலேயே நிற்க முடியாது. சுவர்கள் படிப்படியாகச் சரிகின்றன, அழுத்தம் விலகிய தளம் மேலே எழும்புகிறது. நொறுங்கிய பாறை சில நிமிடங்களுக்குத் திரவம்போல நகர்ந்து, பிறகு இறுகிவிடுகிறது. தளம் எழும்புவதற்குச் சாட்சியாக, மெக்சிகோவின் சிக்சுலுப் விண்கல் பள்ளத்தில் 2016இல் துளையிட்டபோது, பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்திருக்க வேண்டிய கிரானைட் மேலே கிடைத்தது. நிலவில் சுமார் 15 முதல் 20 கிலோமீட்டர் அகலத்தில், சாதாரணக் கிண்ண வடிவம் இப்படி நடுவில் மலையுள்ள பள்ளமாக மாறத் தொடங்குகிறது. பூமியில் ஈர்ப்பு அதிகம், அதனால் 2 முதல் 4 கிலோமீட்டரே போதும்.

கேள்வி: அப்படியானால் மகாராஷ்டிராவில் இருக்கும் நம் லோனார் விண்கல் பள்ளத்தில் சிகரம் உண்டா?

பதில்: கிடையாது. அது சுமார் 1.8 கிலோமீட்டர்தான், அந்த எல்லைக்குக் கீழே. சாதாரணக் கிண்ண வடிவம், நடுவில் உப்பு ஏரி. ஆனால் அது தக்காணத்தின் எரிமலைப் பாறையில், பசால்ட்டில், உண்டானது. நிலவின் கருமையான சமவெளிகளும் பசால்ட்தான். அதனால் நிலவின் பள்ளங்களோடு ஒப்பிட லோனாரைத் தேடி ஆய்வாளர்கள் வருகிறார்கள்.