‘அமைப்பியலின் தந்தை யார்?’ – நோட்ஸ் வாங்கும் முன்

கேள்வி: முதுகலைத் தமிழ் முதலாண்டு மாணவி நான். திறனாய்வுத் தாளில் அமைப்பியல், பெண்ணியம், பின்நவீனத்துவம் என்று ஐந்து அலகுகள். ஒன்றும் தலையில் ஏறவில்லை. சீனியர் ஒருவர் 600 ரூபாய்க்கு நோட்ஸ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. அந்த நோட்ஸ் எனக்குப் பழக்கம். விடைத்தாள் கட்டைப் பிரித்தால் அமைப்பியலின் தந்தை என்று சொல்லப்படும் மொழியியலாளர் சசூரின் பெயரை முப்பது பேர் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருப்பார்கள். எந்த ஜெராக்ஸ் கடை என்றே சொல்லிவிடலாம். இன்று நோட்ஸ் விற்கிறவர்தான் நாளைக்கு ‘ஆய்வேடும் எழுதித் தருகிறோம்’ என்று வருவார்.

கோட்பாடு என்பது பாட்டிடம் கேட்கும் கேள்வி, அவ்வளவுதான். குறுந்தொகை 40-ஐ எடுங்கள். ஐந்தே அடி. யாய்–ஞாய் (என் தாய்–உன் தாய்), எந்தை–நுந்தை (என் தந்தை–உன் தந்தை), யான்–நீ என்று முதல் மூன்று அடியும் இரண்டிரண்டாகப் பிரித்து வைக்கிறது. அடுத்து செம்மண்ணில் மழைநீர் விழுகிறது, பிரிவு கரைகிறது. இந்த எதிரிணைகளைக் கண்டுவிட்டீர்கள் என்றால், பொருளைத் தனிச்சொல்லில் தேடாமல் சொற்களுக்கு இடையிலான உறவில் தேடும் அமைப்பியலுக்குள் வந்துவிட்டீர்கள்.

முதல் வாசிப்பில் உரையைப் பார்க்காதீர்கள். ஒன்றுக்கு மட்டும் விலக்கு: பாட்டின் கீழே உள்ள கூற்றுக் குறிப்பு. யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் அகப்பாட்டில் தடுமாறத்தான் வேண்டும். ஆனால் அதையும் இரண்டாவதாகப் படியுங்கள். ஏனென்றால் இந்தப் பாட்டுக்குள் பேசுவது ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்ச, அதை உணர்ந்து தலைவன் சொன்னது என்று சொல்வது குறிப்புதான். குறிப்பு பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது என்பது பொதுவான கருத்து. அதை மூடிவிட்டு, ஒரு பெண் பேசுவதாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எது மாறுகிறது, எது மாறவில்லை? ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் பெண்ணிய அலகு அங்கே தொடங்குகிறது.

இதற்கெல்லாம் தேர்வில் மதிப்பெண் உண்டா? ‘தந்தை யார்?’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள்! ஒரு பருவத்தில் ஐந்து அலகைத் திணித்தால் வேறென்ன கேட்க முடியும்? அந்தப் பெயர்களை முந்தின நாள் இரவு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போதும்.

அந்தத் ‘தந்தை’ சசூர் 1913-இல் இறந்தார். அவர் பெயரில் 1916-இல் வந்த புத்தகம், ஜெனீவாவில் அவர் வகுப்பில் மாணவர்கள் எழுதிய குறிப்புகளைக் கொண்டு உருவாக்கியது. அதுவும் நோட்ஸ்தான்; உட்கார்ந்து கேட்டு அவரவர் கையால் எழுதியது. 600 ரூபாயில் குறுந்தொகை உரையோடு வாங்கினாலும் மிச்சம் இருக்கும்.