வாசகர் கேள்வி-பதில்: ரிப்பன் ஸ்பீக்கருக்கு டிரான்ஸ்பார்மர் சுற்றுவோர் கவனத்துக்கு

கேள்வி: அலுமினிய ஃபாயிலில் ரிப்பன் ட்வீட்டர் (காந்தங்களுக்கு நடுவே மெல்லிய ஃபாயில் அதிர்ந்து மேல் ஸ்தாயி ஒலி தரும் ஸ்பீக்கர்) ஒன்று செய்திருக்கிறேன். 15 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 10 மைக்ரான் தடிமன். எத்தனை ஓம் என்று மல்டிமீட்டரில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் காட்டுகிறது. 8 ஓம் ஆம்பிளிஃபையருக்குப் பொருந்த டிரான்ஸ்பார்மரில் எத்தனை சுற்று வேண்டும்?

பதில்: மீட்டர் மேல் தப்பில்லை. அதன் ஒயர்களுக்கே 0.1, 0.2 ஓம் இருக்கும், உங்கள் ரிப்பன் அதைவிடக் குறைவு. நீங்கள் சொன்ன அளவுக்குக் கணக்குப் போட்டால் 0.042 ஓம் வருகிறது. மடிப்பு போட்டதில் ஃபாயில் கொஞ்சம் நீண்டிருக்கும், பிடிமானத்தின் தடையும் சேரும், அதனால் 0.05 என்று வைத்துக்கொள்ளலாம். நேரடியாக அளக்க ஆசை என்றால் பவர் சப்ளையின் கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் நிறுத்தி ரிப்பனில் கரண்ட் விட்டு, ஃபாயிலைப் பிடிக்கும் செம்புக் கட்டைகளின் மேல் மீட்டரை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட் வந்தால் 0.05 ஓம்.

இனி சுற்று. ஓம் விகிதம் சுற்று விகிதத்தின் வர்க்கமாக மாறும். 8-ஐ 0.05-ஆல் வகுத்தால் 160, அதன் வர்க்கமூலம் 12.65. செகண்டரி (ரிப்பன் பக்கச் சுருள்) 2 சுற்று என்றால் பிரைமரி (ஆம்பிளிஃபையர் பக்கச் சுருள்) 25 சுற்று, அவ்வளவுதான். 25 சுற்று எப்படிப் போதும் என்று யாரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். 4 சதுர செ.மீ. குறுக்குப் பரப்பும் 20 செ.மீ. காந்தப் பாதையும் உள்ள டொராய்டு (வளைய வடிவ) கோரில், பெர்மியபிலிட்டி (காந்தப் புலத்தைக் கடத்தும் திறன்) 2000 என்று வைத்தால், 25 சுற்றுக்கு சுமார் 3 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ் (மாறும் கரண்டைத் தடுக்கும் குணம்) கிடைக்கும். 2000 ஹெர்ட்ஸில் அது 38 ஓம், உங்கள் 8 ஓமைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ட்வீட்டருக்கு இது தாராளம். அதே 2000 ஹெர்ட்ஸில் 20 வோல்ட் கொடுத்தாலும் கோரில் 0.23 டெஸ்லாதான் ஏறும். சிலிக்கான் ஸ்டீல் 1.5 டெஸ்லா வரை தாங்கும். ஃபெரைட் 0.3, 0.4-லேயே மூச்சுத் திணறிவிடும், ஆகவே ஃபெரைட் போடுகிறவர்கள் கீழ் அதிர்வெண்ணை அதிகம் இறக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: நான் 25:2 என்றே சுற்றினேன், ரேஷியோ சரியாக இருக்கிறது, பாட்டும் வருகிறது. ஆனால் மேல் ஸ்தாயி மங்கிப்போய், போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. கோர் மட்டமா? டிரான்ஸ்பார்மரிலிருந்து ரிப்பனுக்கு 20 செ.மீ. நீளத்தில் இரண்டு தடித்த ஒயர் போட்டிருக்கிறேன்.

பதில்: கோரைத் திட்டாதீர்கள். குற்றவாளியைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

0.05 ஓம் என்பது எவ்வளவு சின்னது என்று நமக்கு உறைப்பதே இல்லை. 20,000 ஹெர்ட்ஸில் 0.05 ஓமுக்குச் சமமாக நிற்க 0.4 மைக்ரோஹென்றி போதும், அவ்வளவு இருந்தாலே அங்கே சத்தம் 3 டெசிபெல் இறங்கிவிடும். தனியாக ஓடும் ஒயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி உண்டு. உங்கள் இரண்டு ஒயரும் தள்ளித் தள்ளி ஓடினால் 40 செ.மீ.க்கு அந்த 0.4 அங்கேயே முடிந்தது! டிரான்ஸ்பார்மரின் லீக்கேஜ் (ஒரு சுருளின் காந்தப் புலம் மற்றதைச் சேராமல் தப்புவதால் வரும் இண்டக்டன்ஸ்) இன்னும் கணக்கில் வரவே இல்லை. ஒயரை இன்னும் தடியாக்கினால் தடை குறையும், இண்டக்டன்ஸ் பெரிதாகக் குறையாது, பலரும் ஏமாறுவது இதில்தான்.

எனவே டிரான்ஸ்பார்மரை ரிப்பனின் பின்னாலேயே, நடுவில், ஃபிரேமோடு ஒட்டி வையுங்கள். ஒயருக்குப் பதில் 2 செ.மீ. அகலச் செம்புத் தகடு இரண்டை எடுத்து, நடுவில் மெல்லிய இன்சுலேஷன் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஓடவிடுங்கள். போவதும் வருவதும் அப்படி நெருங்கி ஓடும்போது இண்டக்டன்ஸ் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ரிப்பனின் தூர முனையிலிருந்து திரும்பி வரும் பாதையும் முடிந்தவரை ரிப்பனை ஒட்டியே வரட்டும்.

அப்புறம் சுற்றும் விதம். செகண்டரியை ஒரே தடிக் கம்பியில் இரண்டு சுற்று போட்டு ஒரு மூலையில் குவித்தால் பிரைமரியின் காந்தப் புலத்தில் ஒரு பகுதி அதைக் காணாமலே போய்விடும். 1.5 மி.மீ. எனாமல் கம்பியில் தனித்தனியாக ஆறேழு செகண்டரி, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று, டொராய்டைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, எல்லா ஆரம்ப முனைகளையும் ஒரு செம்பு வளையத்திலும் எல்லாக் கடைசி முனைகளையும் இன்னொரு வளையத்திலும் சேர்த்து ஈயம் வையுங்கள். பிரைமரியும் கோரின் முழு வட்டத்தையும் நிரப்ப வேண்டும். பிரைமரியை இரண்டு அடுக்காகப் பிரித்து, செகண்டரியை இடையில் வைத்தால் இன்னும் நல்லது.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று என் முதல் டிரான்ஸ்பார்மரை 50:4 என்று நெருக்கிச் சுற்றினேன். ரேஷியோ அதேதான், ஆனால் சுற்று இரட்டித்தால் லீக்கேஜ் நான்கு மடங்கு. அழகு மிஞ்சியது, சத்தம் மிஞ்சவில்லை.

செய்து முடித்ததும் செகண்டரியைத் தடித்த செம்புத் தகட்டால் ஷார்ட் செய்து, பிரைமரியில் எல்.சி.ஆர். மீட்டர் (இண்டக்டன்ஸ் அளக்கும் கருவி) வையுங்கள். அதில் தெரிவதுதான் லீக்கேஜ். 64 மைக்ரோஹென்றி காட்டினால் 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் போச்சு. 20-க்குள் இருந்தால் அரை டெசிபெல்கூடப் போகாது.

கேள்வி: வீட்டில் பழைய 230-12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கிடக்கிறது. ரேஷியோ 19 வருகிறதே, அப்படியே மாட்டலாமா?

பதில்: ரேஷியோ மட்டும் பார்த்தால் மாட்டலாம்தான். 0.05 ஓம் ரிப்பன் 18 ஓம்போலத் தெரியும். ஆனால் 230 வோல்ட் காயிலில் நூற்றுக்கணக்கான சுற்று, அதன் கம்பித் தடையே உங்கள் ரிப்பனின் 18 ஓமைத் தின்றுவிடும், லீக்கேஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காயிலைப் பிரித்துவிட்டு கோரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் (மெல்லிய இரும்புத் தகடுகள் அடுக்கிய கோர்) என்றால் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்குங்கள், இடைவெளி விழக்கூடாது.

கேள்வி: டிரான்ஸ்பார்மரை நேராக ஆம்பிளிஃபையரில் கொடுத்தேன். பேஸ் வரும்போதெல்லாம் புரொடெக்‌ஷன் விழுகிறது.

பதில்: விழாமல் என்ன செய்யும்? 3 மில்லிஹென்றி 50 ஹெர்ட்ஸில் 1 ஓம்கூட இல்லை, ஆம்பிளிஃபையருக்கு அது ஷார்ட்தான். பிரைமரிக்குத் தொடரில் 10 மைக்ரோஃபாரட் பிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். டி.சி.யும் நின்றுவிடும், டொராய்டுக்கு டி.சி. ஆகவே ஆகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ரிப்பன் கிழிந்துபோய் செகண்டரி திறந்திருக்கும் நேரத்தில் சத்தம் கொடுக்காதீர்கள். அந்தக் கெப்பாசிட்டரும் பிரைமரியும் சேர்ந்து 900 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ரெசனன்ஸ் ஆகி மறுபடி ஷார்ட்டாகிவிடும்.

கேள்வி: ரிப்பன் மைக்கில் இருக்கும் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டால்?

பதில்: மைக்கில் வருவது மில்லிவோல்ட் கணக்கு, அதற்கேற்ற குட்டிக் கோர் அது. 10 வாட் கொடுத்தால் முதல் தாளத்திலேயே சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது கோர் அதற்குமேல் காந்தப் புலத்தைத் தாங்காது. அதை மைக்கிலேயே விட்டுவிடுங்கள்.