ராணுவ ஆட்சி வந்துவிட்டால் அந்நாட்டில் பணிபுரியும் வெளிநாட்டு நீதிபதியால் என்ன செய்ய முடியும்?

ஃபிஜியை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்தச் சிக்கல் இரண்டு முறை வந்து, இரண்டு விதமாக முடிந்தது.

2000 மே மாத ஆட்சிக் கவிழ்ப்புக் குழப்பத்தில் 1997 அரசமைப்புச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டதாக ராணுவம் அறிவித்தது. சந்திரிகா பிரசாத் என்ற விவசாயி வழக்குப் போட்டார். ரத்து செல்லாது என்றார் உயர் நீதிமன்ற நீதிபதி ஆண்டனி கேட்ஸ். அரசின் மேல்முறையீட்டைக் கேட்ட ஐவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். 2001 மார்ச் 1 அன்று அவர்கள் சொன்ன அளவுகோல் இன்றும் உதவும்: புதிய ஆட்சி வேரூன்றிவிட்டதென்றால், அதை ஆட்சியே நிரூபிக்க வேண்டும். போட்டி அரசு இல்லை என்பது போதாது. மக்கள் உண்மையில் ஏற்றிருக்கிறார்களா, பயந்து அடங்கியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அரசால் நிரூபிக்க முடியவில்லை. அந்த ஆண்டே தேர்தல் நடந்தது.

2006 டிசம்பர் 5 கவிழ்ப்பு வேறு கதை. தலைமை நீதிபதி ஓரங்கட்டப்பட்டு, அதே கேட்ஸ் தற்காலிகப் பொறுப்புக்கு வந்தார். 2007-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஆறு பேர் விலகினார்கள். கண்ணியமான முடிவுதான், ஆனால் காலி நாற்காலியை நிரப்பப்போவதும் அதே ஆட்சிதானே! 2008 அக்டோபரில் கேட்ஸ் தலைமையிலான அமர்வு புதிய ஆட்சி செல்லும் என்றது. 2009 ஏப்ரல் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று ஆஸ்திரேலிய நீதிபதிகள் அதைத் தலைகீழாக்கினார்கள். கவிழ்ப்பை நடத்திய ராணுவத் தளபதி பைனிமராமாவும் வேண்டாம், அதில் பதவி இழந்த பிரதமர் கராசேயும் வேண்டாம், மூன்றாவது ஒருவரைப் பிரதமராக்கித் தேர்தல் நடத்தலாம் என்று வழியும் காட்டினார்கள். தீர்ப்பை நிறுத்திவைக்கும்படி அரசுத் தரப்பு கேட்டதை மறுத்தார்கள்.

மறுநாள் புனித வெள்ளி. அதிபர் அரசமைப்புச் சட்டத்தை ரத்து செய்து, எல்லா நீதிபதிகளின் நியமனத்தையும் நீக்கினார். அதை எதிர்த்து வழக்கே போட முடியாதபடி ஓர் ஆணையும் வந்தது. பின்னர் இலங்கையிலிருந்து பலர் அங்கே நீதிபதிகளாகப் போனார்கள்.

அப்படிப் போகிறவர்கள் சம்பளத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: எந்தச் சட்டத்தின் பேரில் பதவிப் பிரமாணம், நீக்கும் அதிகாரம் யாரிடம், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு. ஃபிஜியின் 2013 அரசமைப்பில் வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, மறுநியமனம் உண்டு. பலவீனம் அந்த மறுநியமனத்தில்தான். அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினால் யாரும் பதவிநீக்கம் செய்ய வேண்டியதில்லை, புதுப்பிக்காமல் விட்டாலே போதும்.

கொலை, ஜாமீன், ஜீவனாம்சம் போன்ற அன்றாட வழக்குகளை நிறுத்திவைக்கத் தேவையில்லை. ஆட்சி செல்லாதென்று பின்னால் முடிவானாலும், அவசியக் கோட்பாட்டின் கீழ், அதாவது நாட்டின் அன்றாட ஒழுங்குக்குத் தேவையானவை செல்லும் என்ற கொள்கைப்படி, அந்த உத்தரவுகள் பொதுவாக நிற்கும்.