பம்பிங் 60 சதவீதம், ஆனாலும் மூச்சு வாங்குகிறதே?

கேள்வி: எனக்கு 56 வயது, தாராவியில் இருக்கிறேன். பத்து வருஷமாக பி.பி. உண்டு, மாத்திரையை நினைத்தால்தான் போடுவேன். குர்லா ஸ்டேஷன் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங் 60 சதவீதம், இதயச் சுவர் 13 மி.மீ., 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா? - ஒரு வாசகர், மும்பை.

பதில்: அந்த 60 சதவீதம், இதயம் சுருங்கித் தள்ளும் வேலைக்குக் கிடைத்த மார்க். சுருங்கிய தசை தளர்ந்து, அடுத்த துடிப்புக்கான ரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமே, உங்களுக்குச் சுணக்கம் அங்கேதான். 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்பது இதுதான்; கிரேடு 1 அதன் லேசான படி.

அதிக அழுத்தத்தை எதிர்த்தே தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடித்துவிட்டது; ஆண்களுக்கு 10 மி.மீ. வரைதான் இயல்பு. தடித்த தசை விறைக்கும். தளர்வது ஓய்வு என்று நினைக்கிறோம். உண்மையில் அதுவும் வேலை. சுருங்கும்போது தசை செல்லுக்குள் பெருகிய கால்சியத்தைத் திரும்ப இறைத்தால்தான் தசை பிடியை விடும், அதற்கும் சக்தி செலவாகிறது. இது மந்தமானால் ரத்தம் தானாக இறங்குவது குறைந்து, மேலறை கடைசியில் நெட்டித் தள்ளுகிறது. எக்கோவில், தானாக இறங்கும் ரத்தத்தைக் காட்டும் 'ஈ' அலை குட்டையாகி, மேலறை தள்ளுவதைக் காட்டும் 'ஏ' அலை உயர்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கையில் சமாளித்துவிடும். படி ஏறும்போது துடிப்பு வேகமாகி, நிரம்பும் நேரம் குறைகிறது. அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கு ஏறலாம்.

ஆனால் மூச்சிரைப்பு முழுவதையும் கிரேடு 1 தலையில் கட்டிவிடாதீர்கள். இந்த வயதில் அது பலருக்கும் இருக்கும். ரத்தசோகை, தைராய்டு, நுரையீரல், இதய ரத்தக்குழாய் அடைப்பு எல்லாவற்றையும் உங்கள் டாக்டர் பார்க்கட்டும்.

தளர வைப்பதற்கென்று தனி மாத்திரை தேட வேண்டாம். பி.பி.யை 130/80-க்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால் தடித்த சுவரே ஓரளவு மெலியும். விட்டு விட்டுப் போட்டால் அது நடக்காது. காலையில் மாத்திரைக்கு முன், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பி.பி. பார்த்துக் குறித்து வையுங்கள். உப்பு மொத்தம் நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வடாபாவ் சட்னி எல்லாம் அதற்குள்ளேதான். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பி.பி. ஏறும், உடம்பில் நீர் தங்கும்.

படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுவது, தாறுமாறான படபடப்பு - இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நேராக எமர்ஜென்சிக்கு.